நாற்பதாவது படம்

முப்பத்தாறு படத்துக்கான பிலிம்தான். நாற்பதாவது படத்துக்கும் பழைய கேமராவின் நெம்புகோல் மறுபேச்சில்லாமல் நகர்கிறது. மாப்பிள்ளை கேமராவைக் கண்ணிலிருந்து இறக்குகிறான். எதிரே மொட்டைமாடி வெயிலில், மாமனாரைத் தவிர எல்லோரும் தாடை வலிக்கச் சிரித்து நிற்கிறார்கள். "அதை இழுக்கும்போது இந்தக் குமிழும் கூடவே சுத்தணும் இல்ல?" என்று மனைவி அருகே வந்து காதோரம் கேட்கிறாள். குமிழ் அசையவேயில்லை. பின்மூடியைத் திறக்கிறான். பற்சக்கரத்தில் மாட்டாத பிலிம் நுனி, காலையில் போட்ட இடத்திலேயே சுகமாகப் படுத்திருக்கிறது. "ஒண்ணுமே விழலை, அத்தை." மாமியார் கையை வீசுகிறார். "போகட்டும் மாப்பிள்ளை, எல்லாத்துலயும் இவர் உம்முன்னுதானே நின்னாரு!" எவ்வளவு கெஞ்சியும் பல்லைக் காட்டாத மாமனார், அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிக்கிறார். மாப்பிள்ளையின் கையில் கேமரா வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது.