அவலஹள்ளிச் சரிவு

தொம்மலூர் அடுக்ககத்தின் கார் நிறுத்தத்தில் சாய்ந்த வெயில் பாமாவின் மலைச் சைக்கிள்மேல் விழுகிறது. ஐம்பது வயது பாமா தரையில் உட்கார்ந்து, பழைய துணியால் செயினைத் துடைக்கிறாள். போன மாதம் அவலஹள்ளிக் காட்டுச் சரிவில் விழுந்த காயம் முழங்கையில் இன்னும் இளஞ்சிவப்பாக இருக்கிறது. மகள் ஷ்ரேயா செல்போனில் வரைபடத்தைக் காட்டுகிறாள். "நாளைக்கு ஹெசரகட்டா ஏரிப்பக்கம் போம்மா. எல்லாம் சமதரை. அந்தக் காடு வேண்டாம்." "ஏரி எங்கேயும் ஓடிப்போயிடாது. அடுத்த வாரம் பார்த்துக்கறேன்." "மறுபடி விழுந்தா?" "எழுந்துக்கறேன். போன தடவை யாரு வந்து தூக்கிவிட்டா?" "அப்பாவும் வேண்டாம்னுதான் சொல்றார்." "அவரை முதல்ல சைக்கிள் ஏறச் சொல்லு." ஷ்ரேயாவின் கண் கலங்குகிறது. பாமா அவள் கன்னத்தைத் தொடப் போய், விரலில் கிரீஸைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்கிறாள். பிறகு திரும்பி, முன்சக்கரத்தின் வால்வை அழுத்துகிறாள். காற்று உஸ்ஸென்று வெளியேறுகிறது. "நன்னாத்தானே இருந்தது, ஏம்மா காத்தை இறக்கறே?" பாமா டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறாள். "சமதரைன்னா அவ்வளவு காத்து இருக்கலாம். சரிவுல கல்லைக் கவ்விப் பிடிக்க டயர் இப்படித் தளர்ந்தாத்தான் சரி," என்று சொல்லிவிட்டுப் பின்சக்கரத்துக்கு நகர்கிறாள்.