வழிகாட்டியின் சிரிப்பு

ஒரு நாள் சுற்றுலா பஸ் மலையேறத் தொடங்கியதிலிருந்தே, தனியாக வந்திருந்த அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் அந்த வழிகாட்டியின் சிரிப்பைப் பார்த்துத்தான்.

"தலை சுத்துதா மேடம்? எலுமிச்சம்பழம் தரட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். உங்க கரிசனத்த வேற யார்கிட்டயாவது காட்டுங்க."

மலையூர்க் கடைத்தெருவில் மழை தூறியது. அவன் ஓடிப்போய் ஒரு பெரியவருக்குக் குடை பிடித்தான். யாருடைய குழந்தைக்கோ மண்டியிட்டுச் செருப்பு மாட்டிவிட்டான். அவள் பல்லை நறநறவென்று கடித்தாள்.

வெந்நீர் ஊற்றில் இறங்கியவளிடம் மறுபடியும் வந்து குனிந்தான்.

"சூடு பதமா இருக்கா மேடம்?"

"நான் கொதிக்கிற கொதிப்புக்கு இது பச்சத்தண்ணி!"

அதற்கும் சிரித்துவிட்டு நகர்ந்தான்.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, காலையிலேருந்து பாக்கறேன், அந்தத் தம்பிய இப்படிக் கரிச்சுக் கொட்டுறியே! என்ன பொறுமை, என்ன பணிவு! அவனக் கட்டிக்கிட்டவ கொடுத்து வச்சவ."

அவள் தண்ணீரை ஓங்கி அறைந்தாள்.

"அந்தக் கொடுத்து வச்சவ நான்தாங்க! வீட்டுல நான் மயங்கி விழுந்தாலும் திரும்பிப் பாக்காத மனுஷன். தலை சுத்துதான்னு ஒரு வார்த்தை கேக்க, நான் டிக்கெட் எடுத்துட்டு வர வேண்டியிருக்கு!"