ஏழுன்னா பயமில்லையாம்

"நான் ஒன்னும் ஊரக் கூட்டல பெரியம்மா. அம்மா பொய் சொல்றாங்கன்னு சொன்னேன், அவ்வளவுதான்... வாயாடியா? சரி, வாயாடிதான். வாயாடி சொல்றான்னு எட்டு ஏழாயிடுமா?"

பன்விலவுல இருந்து வந்த போன் கோல். போன இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு மாத்திக்கிட்டா கிருஷாந்தி. ஸ்கூல்ல ஏ.எல். பயோ படிக்கிறவ. வாயத் தொறந்தா வாதம்தான்.

ஆஸ்பத்திரியில பார்க்க விடுற நேரம். கொரிடோர் நெறய சனம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், குறைமாசப் புள்ளைங்கள வச்சிருக்கிற வார்டு. அங்கதான் அவ அண்ணன் மகன், பொறந்து மூணு நாள், மூக்குல குழாயோட படுத்திருக்கான்.

"அண்ணியோட கிளினிக் கார்டுல முப்பத்திமூணு கிழமைன்னு எழுதியிருக்கு பெரியம்மா. எட்டாம் மாசம். அம்மா வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் ஏழு, ஏழுங்கிறாங்க. எதுக்கு? பரிதாபம் தேடவா? எனக்கு விளங்கல, அதான் கேக்குறேன்."

பெரியம்மா என்ன சொன்னாங்களோ, இவளுக்கு இன்னும் ஏறிடுச்சு.

"ஏழ விட எட்டு நல்லது பெரியம்மா! வயித்துக்குள்ள இருக்கிற வரைக்கும் நுரையீரல் பூரா தண்ணி. பொறந்து அழுதாத்தான் காத்து உள்ள போகும். சோறு கட்டுற லஞ்ச் ஷீட் ரெண்டு ஈரத்துல ஒட்டிக்கிட்டா பிரிக்க ஏலுமா? சவர்க்காரத் தண்ணி பட்டா பிரியுதுல்ல? அந்த மாதிரி ஒரு வழுவழுப்பு நுரையீரல்ல இருக்கிற சின்னச் சின்னப் பைக்குள்ள ஊறணும். அது கடைசி மாசங்கள்லதான் நல்லா ஊறும். ஒரு கிழமை கூடுனா அந்தளவுக்கு நல்லது... என்னது, சாம்பிராணியா? தூக்கிட்டு வாங்க பாப்போம்! பொறந்த பொறகும் அந்தப் பை வருசக்கணக்கா வளரும். புகையோட வந்தா வாசல்லயே நிப்பாட்டுவேன்."

கட் பண்ணிட்டா.

அம்மா பாலாம்பிகை கதிரையில பிளாஸ்க்க மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. காது கேட்டும் கேக்காத மாதிரி.

பக்கத்து வீட்டு றம்ஸியா ராத்தா வந்தாங்க.

"எத்தின மாசம் பாலாம்பிகக்கா?"

"ஏழு."

"அல்ஹம்துலில்லாஹ். ஏழுன்டா பயமில்ல."

கிருஷாந்திக்குத் தல சுத்திச்சு. ஏழுன்னா பயமில்லையா? எட்டுன்னா பயமா? இது எந்த ஊர்க் கணக்கு?

"ராத்தா, நீங்களுமா? அது ஏழு இல்ல. எட்டு!"

"வாய மூடுடி" அம்மா பல்லக் கடிச்சாங்க.

"ஏன் மூடணும்? நீங்க சொல்ற பொய்க்கு நான் ஏன் வாய மூடணும்?" பைலுக்குள்ள இருந்த கிளினிக் கார்டை உருவி, எல்லாரும் பாக்கத் தூக்கிப் பிடிச்சா. "இந்தா! முப்பத்திமூணு! எட்டாம் மாசம்! இப்ப சொல்லுங்க ஏழுன்னு!"

அம்மா கார்டைப் பாக்கல. இவளுக்குப் பின்னாலயே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

கிருஷாந்தி திரும்பினா.

லோஜினி அண்ணி. கையில மூடி போட்ட சின்னக் கப். புள்ளைக்குன்னு பீச்சி எடுத்த பால்.

"எட்டா?" அண்ணியோட குரல் எழும்பவே இல்ல. "அத்த, கிளினிக்ல ரெண்டு கிழமை கூட்டிப் போடுவாங்க, நம்ம கணக்குல ஏழுதான்னு சொன்னீங்களே?"

அம்மா குனிஞ்சு பிளாஸ்க் மூடியத் திருகினாங்க.

"எனக்கு முந்தி எங்கம்மாவுக்கு ஒன்னு எட்டுல பொறந்துச்சு" அண்ணி யாரையும் பாக்காம சொன்னா. "ஏழுல பொறந்தா தங்கும், எட்டுல பொறந்தா தங்காதுன்னு அப்பவே எல்லாரும் சொன்னாங்களாம். மூணு நாள்தான் இருந்துச்சு."

இன்னைக்கு மூணாம் நாள்.

கிருஷாந்தி தூக்கின கை தூக்கினபடியே நின்னுச்சு.

கண்ணாடிக் கதவு தொறந்துச்சு. நர்ஸ் மிஸ் கைய நீட்டி, சிங்களத்துல பாலக் கேட்டாங்க. "லோஜினி, கிரி?"

அண்ணி கப்பக் குடுக்கல. நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அப்படியே நின்னா. இனி யாருக்கு இதுன்னு கேக்கிற மாதிரி.

"எனக்கு... இது எனக்குத் தெரியாதே" கிருஷாந்தி அம்மா பக்கம் பாஞ்சா. வேற எங்க பாயிறதுன்னு அவளுக்குத் தெரியல. "ஏம்மா என்கிட்ட சொல்லல?"

பாலாம்பிகை எந்திரிச்சாங்க. மூணு நாளா வராத சத்தம் இப்ப வந்துச்சு.

"சொல்லி? எட்டு தங்காதுன்னு நானுந்தான்டி நம்பிக்கிட்டு இருக்கேன்! என் கையில ஒரு பொய்தான் இருந்துச்சு, அதக் குடுத்தேன். உன் கையில நெசம் இருந்துச்சே! எட்டு நல்லதுன்னு பெரியம்மாகிட்ட கத்துன, என்கிட்ட கத்துன, கொரிடோர் பூரா கத்துன. கேக்க வேண்டியவ இவ ஒருத்தி. இந்த மூணு நாள்ல இவ பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்த சொன்னியா? இந்தா நிக்கிறா. சொல்லுடி, இத்தன பேருக்கும் கேக்கட்டும். சொன்னியா?"