நாற்பதாவது திட்டு

மார்ச் 11, புதன்.

இன்றைய தவறு: நாற்பது திட்டுகள் கேட்டார்கள். முப்பத்தொன்பதுதான் புதிதாக எழுதினேன். நாற்பதாவது பழையது.

தொலைக்காட்சித் தொடரில் என் வேலை இதுதான். ஒரே ஒரு ஜோக்குக்காக ஊரே சேர்ந்து ஒதுக்கிவைக்கும் ஒரு சிரிப்பு நடிகரின் கதை. அவருடைய கைபேசியில் வந்து குவியும் திட்டுகளை நான் எழுதித் தருகிறேன். அடையாள அட்டையில் ‘உதவி எழுத்தாளர்’ என்று போட்டிருக்கிறது. தளத்தில் எல்லோருக்கும் நான் ‘திட்டு டிபார்ட்மென்ட்’.

ஒவ்வொரு திட்டுக்கும் முதலில் வயதையும் தொழிலையும் குறித்துக்கொள்வேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், “இவரை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்” என்பார். பல் டாக்டர் அப்படிச் சொல்ல மாட்டார். மாலை வகுப்பில் திரைக்கதை ஆசிரியர் சொல்லிக்கொடுத்த முறை இது. சரியாகத்தான் செய்கிறேனா என்று அவரிடமே கேட்க இன்னும் துணிச்சல் வரவில்லை.

இன்று காலை முப்பத்தொன்பதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். அதில் இரண்டு வாக்கியங்கள். கைபேசித் திரையில் இடம் போதாமல் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

கதாநாயகனாக நடிப்பவரைத் தளத்தில் எல்லோரும் ‘அண்ணன்’ என்போம். அவருக்கு இந்தக் கதை புதிதல்ல. நிஜத்திலும் அவர் ஊர் ஒதுக்கிவைத்த ஆள்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் மேடையில் சொன்னார்: “ஈவினிங் கிளாஸ்னா என்னன்னு தெரியுமா? பகல்ல புரியாததை இருட்டுல தேடுறது!”

அவ்வளவுதான். வேலை முடித்துப் படிக்கப் போகும் அத்தனை பேரும் கொதித்துவிட்டார்கள். கையில் இருந்த படங்கள் போயின. வீட்டுக் கதவில் யாரோ ஒரு டார்ச் லைட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

இந்தத் தொடரும் ஊற்றிக்கொண்டால் இனி அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இன்று சமையலறை செட். மனைவியாக நடிக்கும் அக்கா வெங்காயம் நறுக்க வேண்டும். அண்ணன் எதிரே உட்கார்ந்து திட்டுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

கணக்கு வாத்தியாரின் பூஜ்யத்துக்குக் கேமராக்காரர் சிரித்துவிட்டார். கேமரா ஆடி ஒரு டேக் போனது. அடுத்த டேக்கில் டைரக்டரே சிரித்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் ஒரு தவறாகக் குறித்துக்கொள்கிறேன்.

மூன்றாவது டேக்கில் நாற்பதுக்கு வந்தார்.

“உங்களைப் பார்த்து நாங்க சிரிச்ச சிரிப்பையெல்லாம் திருப்பிக் கொடுங்க.”

திரையில் அதோடு சரி. அவர் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

“எங்கப்பா கடைசியா சிரிச்சது உங்களைப் பார்த்துத்தான். முதல்ல அதைக் கொடுங்க.”

அக்காவின் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது. டைரக்டர் கட் சொல்ல மறந்தார். பிறகு தளமே கைதட்டியது.

“அண்ணே, பேப்பர்லயே இல்லாத வசனம்! எங்கேருந்துண்ணே பிடிச்சீங்க?” என்றார் டைரக்டர்.

“அது உள்ளேயே கிடக்குதுப்பா” என்றார் அண்ணன்.

தேநீர் இடைவேளையில் நேராக என்னிடம் வந்தார்.

“என்ன திட்டு டிபார்ட்மென்ட், நாப்பதாவதை எங்கே புடிச்சே?”

“எங்கேயோ படிச்சதுண்ணே.”

இது இன்றைய மூன்றாவது தவறு.

“நானும்தாம்மா படிச்சேன். ஆயிரக்கணக்குல திட்டுனாங்க, எல்லாம் மறந்துபோச்சு. இது மட்டும் போக மாட்டேங்குது. அந்த மனுஷன் சாகுறதுக்கு முன்னாடி என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்காரு. நான் அவர் புள்ள படிப்பைக் கிண்டல் பண்ணியிருக்கேன்.” தேநீரை ஆற்றி ஒரு வாய் குடித்தார். “ஒவ்வொரு தடவை மேடை ஏறுறப்பவும் அவருக்கு மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டுக்குவேன். பேருகூடத் தெரியாது.”

நான் தலையை ஆட்டினேன்.

அதை எழுதிப் போட்டது நான்தான்.

அன்று பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். டிவியில் அந்த ஜோக் ஓடியது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு விட்டாரா? வாசல்வரை வந்து, “டார்ச் எடுத்துக்கிட்டியாம்மா?” என்று கேட்டார்.

பேருந்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். வெறுமனே திட்டினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. அதனால் ‘கடைசியா’ என்று சேர்த்து இணையத்தில் போட்டேன். இறங்குவதற்குள் பதினோராயிரம் பேர் விரும்பியிருந்தார்கள். நானூறு பேர் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்திருந்தார்கள். எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் அப்பா, அண்ணனுடைய பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரித்ததில் புரையேறி, தண்ணீர் கேட்கிறார்.

நாளை: காலை ஏழு மணிக்கு அண்ணனின் ஒப்பனை அறைக்குப் போக வேண்டும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு.