வளையத்தின் உயரம்

கல்யாண விருந்தில் கணவரோடு படித்த பர்னபாஸ் சொல்லித்தான் மெட்டில்டாவுக்குத் தெரியவந்தது. பாதிரியார்கள் நடத்தி, இப்போது மூடிப்போன சாமியார் பள்ளிக்கூடத்துக்குக் கூடைப்பந்துக் கோப்பைகள் வந்ததெல்லாம் அவள் கணவர் இன்னாசியால்தானாம். எம்பினால் அவர் கை வளையத்தைத் தொடுமாம். மாடிப்படியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்குகிற மனிதரா? திரும்பும் வழியில் அந்தப் பள்ளியின் முன் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள். கேட் திறந்துதான் கிடந்தது. புல் மண்டிய மைதானத்தில், வலை இற்றுப்போன வளையம் மட்டும் கம்பத்தில் இருந்தது.

“இம்புட்டு ஒசரத்தையா தொட்டீங்க?”

“அது அப்ப. வா, போவோம்.”

“எங்கிட்ட ஏன் ஒருநாளும் சொல்லல?”

“பள்ளிக்கூடமே இல்லன்னு ஆயிப்போச்சு. சொன்னா யாரு நம்புவா?”

“நான் நம்புறேன். ஒரு தடவ எம்பிக் காட்டுங்க.”

இன்னாசி சாலையைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. செருப்பைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடியை அவளிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். புல்லுக்குள் ஓடிப்போய் எம்பினார்.

விரல் வளையத்தைத் தொட்டதா என்று மெட்டில்டா கவனிக்கவில்லை. மேலே போன அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

“இன்னொரு தடவ,” என்றாள்.