ஏழாம் குழியின் வெறுங்கை

கம்போடியாவின் பட்டம்பாங் ஊரில், தொல்லியல் கிடங்கின் தகரக் கூரையில் மழை விட்டும் சொட்டு விடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் மலிஸ், போன வருஷ அகழ்வில் கட்டிய பிளாஸ்டிக் பையைப் பிரிக்கிறாள். உள்ளே ஒரு குழந்தையின் வெண்கல வளையல். அவளுடைய இரண்டு விரலுக்குத்தான் நுழையும். எந்தக் குழியில் கிடைத்தது என்று சொல்ல வேண்டிய சீட்டு ஈரத்தில் ஊறி, வெறும் நீலக் கறையாக ஒட்டியிருக்கிறது. "பென்சில்லதானே எழுதணும், ரித்தி?" கூடத் தோண்டிய ரித்தி சிலிர்த்துக்கொள்கிறான். "அன்னிக்கு முனை ஒடிஞ்சிருச்சுக்கா. மழை வேற கொட்டுச்சு. பேனாவை நீட்டுனதே நீங்கதானே!" அன்று திறந்தவை இரண்டு குழந்தைகளின் புதைகுழிகள். நாலு, ஏழு என்று எண் போட்ட எலும்புப் பெட்டிகள் அலமாரியில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. "நாலுன்னு போட்டுருங்கக்கா. யாரு வந்து கேக்கப்போறா?" என்கிறான். "அப்ப ஏழு வெறுங்கையோட போயிரும்டா." சேற்றில் கால் வழுக்கியது, குழிக்குள் குதித்த தவளை, வளையலைத் துடைத்த தன் சட்டை நுனி, எல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது, எந்தக் குழி என்பது மட்டும் இல்லை. பென்சிலைச் சீவுகிறாள். புதுச் சீட்டில் தேதி, பொருள், எடை எல்லாம் எழுதி, குழி எண் கேட்கும் கட்டத்தில் நிற்கிறாள். பிறகு, எத்தனை மழையில் நனைந்தாலும் அழியாத அந்தப் பென்சிலால், 'தெரியவில்லை' என்று அழுத்தி எழுதுகிறாள்.