திரும்பி வரும் குழாய்

இனிமேல் கம்ப்யூட்டரே ஆலைகளைப் பெற்று வளர்க்கும் என்று, 1994-ல், மலேசியாவின் மேரு ஊர் அலுவலகத்தில் முதலாளி ராதாகிருஷ்ணன் டை கட்டிக்கொண்டு பிரசங்கம் செய்தார். ஈய மண்ணைப் பிரிக்கும் ஆலைக்கு அது நூறு வரைபடம் போடும். சோப்ளாங்கிகளைச் சாகவிட்டு, தேறியவற்றுக்குக் கல்யாணம் செய்துவைக்கும். தகுதியுள்ளதே பிழைக்கும் என்பதில் ராதாகிருஷ்ணனுக்கு அபார நம்பிக்கை. மாமனார் தயவில் முதலாளியானவர் அவர்.

இருநூறாவது தலைமுறையில் சம்பூர்ண ஆலை பிறந்தது. அதில் ஒரு குழாய் அதிகமாக இருந்தது. கடைசித் தொட்டியின் கழிவை முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் குழாய்.

"என்ன அங்கிள் இது? நம்ம லிஸ்ட்லயே இது கிடையாதுலா!" என்றார் ராதாகிருஷ்ணன்.

எஞ்சினியர் தியாகராசா திரையில் அந்தக் குழாயை விரலால் தொடர்ந்து பார்த்தார். கம்ப்யூட்டருக்குக் கொடுத்த உறுப்புகளின் லிஸ்டை எழுதியவர் அவர்தான். அவர் மனைவி மீனலோசனி இதே அலுவலகத்தில் படம் வரைந்த பதினெட்டு வருடமும் அந்தக் குழாயை வரைந்தாள். "போனதிலயும் நல்லது கிடக்கும், இன்னொருக்கால் பாப்பம்" என்பாள். அவர் ஒவ்வொரு முறையும் ரப்பரால் அழித்தார். அவள் இறந்து மூன்று வருடமாகிறது.

புதிதாக மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று முறையும் குழாய் வந்தது.

"அழிச்சிட்டு பிரிண்ட் போடுங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு ராதாகிருஷ்ணன் சாப்பிடப் போனார்.

தியாகராசா எதையும் அழிக்காமல் படம் வரையும் இயந்திரத்தை ஓடவிட்டார். அதன் பேனா தொட்டிகளையெல்லாம் கடகடவென்று வரைந்தது. அந்தக் குழாயின் பாதியில் மட்டும் நின்றுவிட்டது. மீனலோசனியும் அங்கேதான் பென்சிலை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள்.

"இந்தமுறை அழிக்கமாட்டன்" என்றார் தியாகராசா.

பேனா மீதிக் குழாயை வரைந்து முடித்தது.